புயல் இரவில் ஜனங்களைக் கோவிலுக்குள் விடலாமா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றின் கத்தோலிக்கப் பங்குப் பேரவையில் இருப்பவர் கேட்டிருக்கிறார்: எங்கள் கோவில் (சர்ச்) தொண்ணூறு வருஷத்துப் பழசு, கஜா புயலில் ஓடெல்லாம் போய் இப்போது தகரக் கூரை, ஐப்பசி பிறந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது, கோவிலையும் பங்கு மக்களையும் புயலுக்கு எப்படித் தயார் செய்வது? ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், "புயல் என்றதும் எல்லாரும் கோவிலுக்குத்தான் ஓடி வருகிறார்கள், வராதீர்கள் என்று சொல்ல மனசு வரவில்லை" என்று. உங்கள் உண்மையான கேள்வி அதுதான். அன்று இரவு கோவில் கதவைத் திறப்பதா, பூட்டுவதா?

பூட்டுங்கள். இதை மனசாட்சியோடுதான் சொல்கிறேன், காரணமும் சொல்கிறேன். நான் கட்டடப் பொறியாளன். கடலூரிலிருந்து கோடியக்கரை வரைக்கும் பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதே முப்பது வருஷத்துப் பிழைப்பு. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் அடித்த பிறகும், 2018 நவம்பர் 16-இல் கஜா அடித்த பிறகும் கோவில், பள்ளிவாசல், மண்டபம் என்று ஏறி இறங்கியிருக்கிறேன். உங்கள் கட்டடத்தை நான் பார்த்ததில்லை. அதனால் கீழே சொல்வதில் எது எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தும், எது நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

கோவில் சுவரின் தடிமனைப் பார்த்துத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். இரண்டடிச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, பாட்டன் காலத்துக் கட்டு. சுவர் நல்ல சுவர்தான். ஆனால் புயல் சுவரோடு மல்லுக்கு நிற்பதில்லை, கூரையைப் பிடிக்கிறது. கோவில் என்பது குறுக்குச் சுவரே இல்லாத ஒரே பெரிய கூடம், உயரமான கூரை, பக்கத்துக்கு ஐந்தாறு பெரிய ஜன்னல், முகப்பில் அழகுக்காகக் கூரைக்கு மேலே தூக்கிக் கட்டிய முக்கோணச் சுவர். காற்றுக்கு இதைவிட வசதியான கட்டடம் ஊரில் வேறு கிடையாது. அதே வளாகத்தில் இருக்கும் கான்கிரீட் தளம் போட்ட இரண்டு வகுப்பறைப் பள்ளிக்கூடம் பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், ஆனால் அன்று இரவுக்கு அதுதான் பத்திரம். அறை சின்னது, நாலு பக்கமும் சுவர், மேலே கனமான தளம்.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி 2015-இல் திருத்தப்பட்டபோது ஒரு புதுக் கணக்கு சேர்ந்தது. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய 60 கிலோமீட்டர் அகலப் பட்டையில் புயல் பாதுகாப்பு மையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் மாதிரியான கட்டடங்களை வடிவமைக்கும்போது காற்றின் வேகத்தை 1.30 ஆல் பெருக்க வேண்டும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், சாதாரணக் கட்டடத்தைவிட ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதல் சுமைக்கு அவை கட்டப்பட வேண்டும் என்று அர்த்தம். அந்த விதிப்படி வடிவமைத்த புயல் பாதுகாப்பு மையம் பக்கத்தில் இருந்தால் முதல் தேர்வு அது, இரண்டாவது கான்கிரீட் தளமுள்ள பள்ளி, மூன்றாவது பங்குத்தந்தை இல்லமோ கன்னியர் மடமோ கான்கிரீட் தளமாக இருந்தால் அது. கோவில் கடைசி. உங்கள் பள்ளிக் கட்டடம் 2015-க்கு முந்தையதாக இருந்தால் இந்தக் கணக்கில் கட்டியிருக்க மாட்டார்கள், ஆனாலும் தகரக் கூரைக் கோவிலுக்கு அது எவ்வளவோ மேல்.

இனி கூரை. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கஜாவுக்குப் பிறகு ஓட்டை எடுத்துத் தகரம் போட்ட எல்லா ஊருக்கும் இது பொருந்தும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்குத் தோராயமாக 68 கிலோ அழுத்தம் கொடுக்கும். 180 கிலோமீட்டர் என்றால் 150 கிலோவைத் தாண்டும். புதுச்சேரிக்கும் சென்னைக்கும் விதியில் போட்டிருக்கும் அடிப்படைக் காற்று வேகமே விநாடிக்கு 50 மீட்டர், அதாவது இந்த 180 தான். சரிவுக் கூரையின் மேல் இந்த அழுத்தம் பெரும்பாலும் கீழே அமுக்காது, மேலே உறிஞ்சும். அரை மில்லிமீட்டர் தகரம் ஒரு சதுர மீட்டர் ஐந்து கிலோ கூட வராது. மங்களூர் ஓடு ரீப்பரும் கைமரமும் சேர்த்தால் அதைப்போல் பத்து மடங்கு கனம். பழைய கூரை தன் கனத்தாலேயே உட்கார்ந்திருந்தது. புயலில் ஓடு ஒவ்வொன்றாகப் பறக்கும், மழை உள்ளே கொட்டும், ஆனால் கைமரம் பெரும்பாலும் நிற்கும். தகரம் போட்ட அன்றே அந்தக் கனம் கீழே இறங்கிவிட்டது. இப்போது கூரையைப் பிடித்துவைத்திருப்பது போல்ட் மட்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோவில் 26 அடி அகலம், 10 அடிக்கு ஒரு டிரஸ் (சுவருக்குச் சுவர் கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) என்று வைத்துக்கொள்வோம். டிரஸ்ஸின் ஒரு முனை சுமக்கும் கூரைப் பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். 120 கிலோமீட்டர் காற்றில் அந்த முனையை மேலே இழுக்கும் விசை 800 கிலோ பக்கம். கூரையின் சொந்தக் கனத்தைக் கழித்தாலும் 600 கிலோவுக்கு மேல் மிஞ்சும். ஒவ்வொரு முனையிலும் கயிறு கட்டி அரை அம்பாசடர் காரை மேலே தூக்குவதுபோல. இது தோராயம்தான்; கூரைச் சரிவு, கதவு ஜன்னல் நிலை, கட்டடத்தைச் சுற்றி மரம் இருக்கிறதா வெட்டவெளியா என்பதைப் பொறுத்துக் கூடும் குறையும். உங்கள் கோவிலுக்குச் சரியான எண் வேண்டுமென்றால் ஒருவர் வந்து அளந்துதான் சொல்ல முடியும்.

கஜாவுக்குப் பத்து நாள் கழித்து ஒரு கோவிலுக்குக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். தகரம் பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடந்தது. தகரம் மட்டுமல்ல, பர்லின் (டிரஸ் மேல் குறுக்கே ஓடித் தகரத்தைத் தாங்கும் சட்டம்), டிரஸ் எல்லாம் ஒன்றாக, மடக்கிப்போட்ட பாய்போல. குனிந்து பார்த்தால், தகரத்தைப் பர்லினோடு பிடிக்கும் கொக்கி போல்ட்டான ஜே போல்ட் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை, வாஷர்கூட அப்படியே இருந்தது. வேலை செய்தவர் தகரத்தைப் பர்லினில் அவ்வளவு ஒழுங்காக முடுக்கியிருந்தார். பர்லினை டிரஸ்ஸில் வெல்டிங் வைத்திருந்தார். டிரஸ் காலை மட்டும் சுவர் மேல் வைத்துச் சுற்றிலும் சிமெண்ட் கலவை அப்பியிருந்தார்கள். சுவர்த் தலையில் அந்தக் கலவை உடைந்த அச்சு, பல் பிடுங்கிய குழிபோல, வரிசையாக இருந்தது. கூரை என்பது சங்கிலி: தகரம் பர்லினை, பர்லின் டிரஸ்ஸை, டிரஸ் சுவரைப் பிடித்திருக்க வேண்டும். மேல் இரண்டு கண்ணியை எவ்வளவு இறுக்கினாலும் கடைசிக் கண்ணி இல்லையென்றால் மொத்தமாகப் போகும்.

ஆகவே கீழிருந்து ஆரம்பியுங்கள். டிரஸ் கால் சுவரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஏணி வைத்துப் பாருங்கள். அடியில் கான்கிரீட் கட்டை போட்டு அதில் புதைத்த போல்ட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சுவரின் உள்பக்கமாக இரும்புக் கம்பியோ பட்டையோ கீழே இறக்கி, சுவரின் கனத்தையே பிடிமானமாக்கும் வேலை செய்ய வேண்டியிருக்கும். சுண்ணாம்புச் சுவரில் சாதாரண விரிவு போல்ட்டை அடித்தால் செங்கல் பிளக்கும், காற்று வந்தால் உருவிக்கொண்டு வரும். எவ்வளவு ஆழம், எத்தனை இடம் என்பதைச் சுவரைப் பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும், இதை வெல்டிங் பட்டறைக்காரர் கையில் விடாதீர்கள். பிறகு தகரம். ஓரங்களிலும் முகட்டிலும் மூலைகளிலும்தான் உறிஞ்சல் அதிகம், அங்கே நடுவில் இருப்பதைவிட இரண்டு மடங்கு நெருக்கமாகப் போல்ட் வேண்டும். கடல் உப்பில் ஜே போல்ட் உள்ளே அரித்திருக்கும், மேலே பார்த்தால் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். பத்தில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், கழுத்து பென்சில் முனைபோல் மெலிந்திருந்தால் அத்தனையையும் மாற்ற வேண்டியதுதான். முகப்பில் வெயிலுக்காகத் தகரத்தை நீட்டி ஒரு கொட்டகை போட்டிருப்பீர்கள், எல்லாக் கோவிலிலும் உண்டு. காற்று அதற்குள் புகுந்து அடியிலிருந்தும் தூக்கும். அது போவதாக இருந்தால் தனியாகப் போகட்டும். பெரிய கூரையின் தகரத்தோடு அதைச் சேர்த்துப் பின்னாதீர்கள்.

கூரைக்கு அடுத்தது கதவு. கதவுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். காற்றுப் பக்கத்துக் கதவு உடைந்தால் கோவில் முழுக்கக் காற்று நிறைந்து உள்ளிருந்து கூரையை மேலே தள்ளும், வெளியே உறிஞ்சல் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கிறது. தள்ளலும் இழுப்பும் சேர்ந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் போதாது. ரெட்டைக் கதவுக்கு நடுவில் மட்டும் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுவது நம் வழக்கம். மேலும் கீழும் கனமான தாழ்ப்பாளும் உள்ளே குறுக்குக் கட்டைக்கு இரண்டு இரும்புக் கொக்கியும் வையுங்கள். மொத்தமே சில ஆயிரம் ரூபாய் வேலை. ஜன்னல் கண்ணாடிக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையை அளவெடுத்து இப்போதே வெட்டி, எந்த ஜன்னலுக்கு எது என்று எண் எழுதிப் பீடத்துக்குப் பக்கத்துச் சாமான் அறையான சாக்ரிஸ்டியில் அடுக்கிவையுங்கள். புயலுக்கு முந்தின நாள் நாகப்பட்டினத்தில் பிளைவுட் தேடி அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஊரில் மூன்று நம்பிக்கை உண்டு. கண்ணாடியில் பெருக்கல் குறிபோல் டேப் ஒட்டினால் உடையாது என்பது தப்பு. உடையும், பெரிய துண்டாக விழும், அவ்வளவுதான் வித்தியாசம். காற்று வெளியே போகட்டும் என்று எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவைக்கலாம் என்பதும் தப்பு. கஜாபோல் காற்று திசை மாறினால் எதிர்ப்பக்கமே காற்றுப் பக்கமாகிவிடும். மூன்றாவது, தகரத்தின் மேல் மணல் மூட்டை. இதில் நான் முழுதாக இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்னக் கொட்டகையில் மிதமான காற்றுக்குக் கொஞ்சம் தாங்கிக் கண்டிருக்கிறேன். ஆனால் சதுர மீட்டருக்கு 68 கிலோ இழுக்கும் காற்றுக்கு எத்தனை மூட்டை ஏற்றுவீர்கள்? தகரம் கிளம்பினால் மூட்டையும் சேர்ந்து விழும். கோவில் கூரைக்கு வேண்டாம்.

மணிக்கூண்டைப் பற்றிச் சுருக்கமாக. மேலே மணி தொங்கும் திறப்பின் நாலு மூலையிலும் விரிசல் பாருங்கள், அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுத்துச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள், சிமெண்ட் வேண்டாம். எங்கள் பக்கம் புயல் மாதமும் கிறிஸ்துமஸ் மாதமும் ஒன்றுதான், மணிக்கூண்டு உச்சியில் இரும்புச் சட்டத்தில் பெரிய நட்சத்திரம் ஏறியிருக்கும். பிளெக்ஸ் ஒட்டிய நட்சத்திரம் காற்றுக்குப் பாய்மரம். அதைக் கயிற்றில் இறக்குகிற மாதிரி கட்டுங்கள், ஏறி அவிழ்க்கிற மாதிரி வேண்டாம். குழாய் ஸ்பீக்கர், வளைவுக் கம்பங்கள், திருவிழா பிளெக்ஸ் எல்லாம் அப்படியே. இடிதாங்கி இருக்கிறது என்பீர்கள். செம்புப் பட்டை தரை வரைக்கும் வருகிறதா என்று பாருங்கள், ஆளுயரத்துக்குக் கீழே வெட்டி எடைக்குப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், நான் பார்த்த மூன்றில் ஒன்றில் அப்படி. மின் பொறியாளரை வைத்து நில இணைப்பின் தடையை அளக்கச் சொல்லுங்கள், 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். இடி இடிக்கும்போது கயிற்றைப் பிடித்து மணி அடிக்க யாரையும் அனுப்பாதீர்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் 'மின்னலை முறிக்கிறேன்' என்று லத்தீனில் மணியிலேயே பொறித்துவைத்து இடி மழையில் மணி அடித்தார்கள். அடித்தவர்கள் பலர் மின்னலில் செத்தார்கள், கடைசியில் அரசாங்கம் தடை போட வேண்டி வந்தது.

கடல் ஏறுவதைப் பற்றி நான் கட்டடக்காரனாக அதிகம் பேச முடியாது, ஆனால் ஒன்று நிச்சயம்: பாக் நீரிணைப் பகுதி ஆழமில்லாத கடல், புயல் தள்ளும் தண்ணீர் அங்கே உயரமாக எழும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கொண்டுபோனது அதுதான். அங்கே இன்றும் கோவிலின் சுவர்கள் நிற்கின்றன, கூரை இல்லை. ஊரே இல்லை. சுவர் நிற்பதும் ஆட்கள் பிழைப்பதும் வேறு வேறு விஷயம். உங்கள் தெரு கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே, கடல் ஏறினால் எதுவரை வரும் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் வெளியேறச் சொல்கிற தெரு என்றால் பள்ளிக்கூடமும் கணக்கில் வராது, ஊரைவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

எப்போது என்ன செய்வது என்பதற்குத் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டை நம்பாதீர்கள். 'ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்' என்று ஊரே பேசும், ஆனால் ஒன்று முதல் பதினொன்று வரை அந்தக் கூண்டுகள் துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் உரியவை. பதினொன்று என்றால் புயல் பெரிது என்று அர்த்தமில்லை, எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று அர்த்தம். நமக்கு வேண்டியது இந்திய வானிலை ஆய்வுத் துறை படிப்படியாக விடும் அறிவிப்பு: 72 மணி நேரம் முன்பு முன்னறிகுறி, 48 மணி நேரத்தில் விழிப்பு, 24 மணி நேரத்தில் எச்சரிக்கை, 12 மணி நேரத்தில் கரை கடந்த பின் உள்ளே எப்படிப் போகும் என்ற கணிப்பு. எந்த அறிவிப்பு வந்தால் யார் என்ன செய்வது என்று பெயரோடு ஒட்டிவையுங்கள். நான் சொல்கிற வழக்கம் இது. 72-இல் நட்சத்திரம், பிளெக்ஸ் இறங்கும், ஜெனரேட்டர் ஓட்டிப் பார்ப்பது, டீசல். 48-இல் பலகை அடிப்பது, பதிவேடு இடம் மாறுவது, சொரூபம் கீழே இறங்குவது, மாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது, காலித் தொட்டி பறக்கும். 24-இல் கோவில் மின்சார மெயின் அணைப்பு, பங்குத்தந்தை நற்கருணையை (பூசையில் அர்ச்சித்த அப்பத்தை) எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டுவது, ஜனங்கள் பள்ளிக்குப் போவது. இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கஜா கரை ஏறியது நள்ளிரவுக்கு மேல்.

கணிப்பு மாறும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசியில் எப்போது வரும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போய், 30-ஆம் தேதி சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரை ஏறி, அப்புறமும் நகராமல் அங்கேயே நின்று 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசை உண்டா என்று தெரியாமல் வயசானவர்கள் இடுப்பளவு தண்ணீரில் கோவிலுக்கு நடக்கக் கூடாது. பூசை இல்லை என்றால் சனிக்கிழமை மதியமே சொல்லிவிடுங்கள். ஞாயிறு பூசைக்கு வராவிட்டால் பாவமாகுமே என்று பாட்டிமார் கேட்பார்கள், கனமான காரணத்தால் திருப்பலிக்கு வர முடியாதவர்கள் வீட்டில் தனியாகவோ குடும்பமாகவோ செபிக்கத் திருச்சபைச் சட்டம் 1248-இன் இரண்டாம் பிரிவே பரிந்துரைக்கிறது. பங்குத்தந்தை வாயால் இதை அக்டோபரிலேயே ஒருமுறை பூசையில் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் எடுபடாது.

ஜனங்களைத் தயார் செய்வதில் உங்களுக்கு அரசாங்கத்திடம்கூட இல்லாத ஒரு வசதி இருக்கிறது: அன்பியம். முப்பது குடும்பத்துக்கு ஒன்று, மாதம் ஒருமுறை கூடுகிறீர்கள், யார் வீட்டில் யார் என்பது மனப்பாடம். அதைத் தாளில் எழுதுங்கள். ஓர் அன்பியத்துக்கு ஒரு தாள்: தனியாக இருக்கும் முதியவர், படுக்கையில் இருப்பவர், நிறைமாதக்காரி, டயாலிசிஸ் போகிறவர், ஓலை வீடு, கடலில் படகு இருக்கும் வீடு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அன்று போய் அழைத்துவரும் ஆளின் பெயர். அதே தெருவில் இருக்கும் இந்து, முஸ்லிம் வீடும் அதே தாளில் வர வேண்டும், புயலுக்குப் பங்கு எல்லை கிடையாது. செல்போனில் வைக்காதீர்கள், கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்தில் கடலுக்குப் போனவர்களில் யார் திரும்பவில்லை என்று பங்குகளும் மீனவ அமைப்புகளும் ஊர் ஊராகப் பட்டியல் எடுத்தார்கள். ஆழ்கடலுக்குப் போகும் ஊரில் அந்தத் தாள் முன்கூட்டியே இருக்க வேண்டும்: படகுப் பதிவு எண், ஆட்கள் பெயர், எந்தத் துறையிலிருந்து என்று, வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பெயரும் சேர்த்து. அவர்களைத்தான் எல்லாப் பட்டியலும் விட்டுவிடுகிறது.

பள்ளியில் எத்தனை பேர் கொள்ளும்? உலகளவில் நிவாரண அமைப்புகள் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். இருபதுக்கு இருபது வகுப்பறையில் அந்தக் கணக்கில் பத்துப் பேர்தான். ஓர் இரவுக்கு இருபத்தைந்து பேர் உட்கார்ந்து கழித்துவிடலாம் என்பது என் அனுபவம். மூன்றாம் நாள் அது தாங்காது, கழிப்பறையில்தான் முதலில் சண்டை வரும். பெண்களுக்குத் தனி அறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, அதற்கு விளக்கு. ஜெனரேட்டர் வராந்தாவில்கூட வேண்டாம், கட்டடத்தைவிட்டுத் தள்ளி வெளியே, புகை ஜன்னலுக்குத் திரும்பாமல். மழை என்று உள்ளே இழுத்து வைத்தால் தூக்கத்திலேயே ஆள் போய்விடும். நடு ராத்திரி காற்று திடீரென்று அடங்கினால் அது புயலின் கண்ணாக இருக்கலாம். வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறவரைக் கதவில் நின்று மறிக்க ஒரு முரட்டு ஆள் வேண்டும், அடுத்த காற்று எதிர்த்திசையிலிருந்து வரும்.

பதிவேடுகள். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றும் பழைய குடும்பங்களுக்குப் பிறந்த தேதிக்கே வேறு ஆதாரம் இல்லாத நேரத்தில் உதவுபவை. இந்த வருஷமே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து ஒரு பிரதியை மறைமாவட்ட அலுவலகத்தில் வையுங்கள். புயலுக்கு முன் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கான்கிரீட் தளமுள்ள அறையில் உயரத்தில் வைப்பது. நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் சுருண்டு மை ஓடும். நிழலில், காற்றோட்டத்தில், அச்சில்லாத வெள்ளைத் தாளைப் பக்கங்களுக்கு நடுவே வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் முடியாது என்றால் ஆழ்குளிர் பெட்டியில் உறைய வைத்துப் பூஞ்சணத்தை நிறுத்திவிட்டுப் பிறகு ஆவணக் காப்பாளரிடம் கொண்டுபோகலாம்.

காப்பீட்டுப் பத்திரம் இருந்தால் எடுத்து, தீ மட்டுமா, புயலும் வெள்ளமும் சேர்த்தா என்று பாருங்கள். கட்டடத்தின் இன்றைய மறுகட்டுமானச் செலவில் பாதிக்கு எடுத்திருந்தால் சேதத்திலும் பாதிதான் வரும், இது பலருக்கு இழப்பீடு வாங்கும்போதுதான் தெரிகிறது. அக்டோபர் முதல் வாரம் கூரை, சுவர், பீடம், மின் சாதனம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துவையுங்கள்.

விடிந்த பிறகு கோவிலுக்குள் முதலில் போகிறவர் பங்குத்தந்தையாக இருக்கக் கூடாது. ஆசைப்படுவார், விடாதீர்கள். அறுந்த மின்கம்பி செத்ததா உயிரோடா என்று மின்வாரிய ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும், மணிக்கூண்டில் புது விரிசல் இருந்தால் அதன் உயரம் அளவுக்குத் தள்ளிக் கயிறு கட்ட வேண்டும், தொங்கும் தகரத்துக்கு அடியில் யாரும் போகக் கூடாது. கஜாவுக்குப் பிறகு நான் பார்த்த காயங்களில் நிறைய, புயல் ஓய்ந்து மூன்று நாளுக்குள் கூரை ஏறியவர்களுக்கு வந்தவை. கோவிலுக்கு அதற்கப்புறம்தான் வேலை ஆரம்பம். கூரை தாங்கியிருந்தால் அரிசி மூட்டை இறக்க, கஞ்சி ஊற்ற, மருத்துவ முகாம் வைக்க ஊரில் அவ்வளவு பெரிய கூடம் வேறு ஏது? ஜனங்களிடம் இதைச் சொல்லுங்கள்: புயல் இரவுக்குப் பள்ளிக்கூடம், மறுநாள் காலையிலிருந்து கோவில். 'வராதீர்கள்' என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஏணி வைத்து, டிரஸ் கால் சுவரில் உட்காரும் இடத்தை நாலைந்து படம் எடுத்துப் போடுங்கள். கோவில் அகலம், டிரஸ்ஸுக்கு டிரஸ் இடைவெளி, சுவர் தடிமன், கழற்றிய ஜே போல்ட் ஒன்றின் படம் இவ்வளவும் இருந்தால் எந்த அளவுக்கு அவசரம் என்றாவது சொல்ல முடியும்.